கணினி கேள்வி–பதில்: எழுதிய வரி எங்கே நிற்கிறது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, குமரி மாவட்டத்தின் ஐந்து ஊர்களிலிருந்து, ஏறத்தாழ ஒரே தொல்லையைப் பற்றி எழுதப்பட்டவை. நிரல் எழுதியதாகச் சொல்லும் வரி கோப்பில் இல்லை என்பதே அது. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை தருகிறேன். முதல் கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொள்வதை மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே சொல்வதே பிற விடைகளுக்கும் அடித்தளம்.

கேள்வி: நாங்கள் ரப்பர் பால் வாங்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறோம். காலையில் ஐம்பது அறுபது பேர் பால் கொண்டுவருவார்கள். மின்னணுத் தராசு காட்டும் எடையை, கொண்டுவந்தவர் பெயரோடும் நேரத்தோடும், என் மகள் பைத்தானில் எழுதிய நிரல் ஓர் உரைக் கோப்பில் வரிவரியாக எழுதுகிறது. காலையில் திறக்கும் கோப்பைக் கொள்முதல் முடிந்த பிறகே மூடுகிறது. ஐப்பசி மழையில் இடி இடித்து மின்சாரம் போன ஒருநாள், கோப்பு வெறுமையாக இருந்தது. அன்றைய கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஃப்ளஷ் கட்டளையைச் சேர்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சேர்த்தோம். அதன் பிறகு நிரல் பாதியில் நின்றாலும் எதுவும் தொலைவதில்லை. ஆனால் மின்சாரம் போகும்போது மட்டும் கடைசியாக எடை போட்ட ஓரிருவரின் வரிகள் இன்னும் காணாமல் போகின்றன. ஃப்ளஷ் செய்த பிறகும் ஏன் இப்படி?
— ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் மகள் செய்தது சரியானது, ஆனால் அது பாதி வழி மட்டுமே. மீதிப் பாதியை விளக்க உங்கள் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

விடியற்காலையில் பட்டையை வெட்டியதும் பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்குகிறது. ஒவ்வொரு சொட்டையும் ஏந்திக்கொண்டு எவரும் பட்டறைக்கு ஓடுவதில்லை. சிரட்டையில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, வாளியைச் சுமந்து வந்து பட்டறைத் தொட்டியில் சேர்க்கிறார்கள். நிரல் எழுதும் வரிக்கும் இதே மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, நிரலின் சொந்த நினைவகத்தில் உள்ள பஃபர். தமிழில் இடையகம் என்பார்கள். இது சிரட்டை. இரண்டாவது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் தன் நினைவகத்தில் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு. இது வாளி. மூன்றாவது வட்டு, மின்சாரம் போனாலும் எழுத்து அழியாமல் இருக்கும் இடம் அது ஒன்றே.

பைத்தானின் பரவலாகப் புழங்கும் பதிப்புகளில் இந்தச் சிரட்டையின் கொள்ளளவு 8192 பைட். உங்கள் ஒரு வரி, தமிழ்ப் பெயரும் நேரமும் எடையும் சேர்ந்து, சுமார் 80 பைட் வரும் என்று வைத்துக்கொண்டால், நூறு வரிகள் சேரும்வரை நிரல் இயங்குதளத்திடம் எதையும் கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. உங்களிடம் வருபவர்களோ அறுபது பேர். அதாவது அந்த ஐப்பசி நாளில் முழுக் காலையும் சிரட்டையிலேயே நின்றிருக்கிறது. கோப்பை மூடும் கட்டளைக்கு முன்பே மின்சாரம் போனதால் எல்லாம் கொட்டிப்போயிற்று. இது நிரலின் பிழை அல்ல. இயங்குதளத்தை ஒவ்வொரு முறை அழைப்பதற்கும் ஒரு செலவு உண்டு. நான்கைந்து எழுத்துகளுக்காக அடிக்கடி அழைப்பதைவிட, சேர்த்துவைத்து ஒரே முறை கொடுப்பது பல மடங்கு விரைவானது என்பதால் ஏறத்தாழ எல்லா மொழிகளும் கோப்புக்கு எழுதும்போது இதையே செய்கின்றன.

ஃப்ளஷ் என்பது சிரட்டையை வாளியில் கவிழ்ப்பது மட்டுமே. அதன் பிறகு உங்கள் நிரல் செத்துப்போனாலும், பணி மேலாளரில் போய் அதை வலிந்து நிறுத்தினாலும், வரி இயங்குதளத்தின் கையில் இருப்பதால் பிழைத்துவிடும். நீங்கள் கண்டதும் இதுதான். ஆனால் மின்சாரம் போனால் வாளியும் சேர்ந்தே கவிழ்கிறது. லினக்ஸில் அமைப்புகளை மாற்றாமல் விட்டிருந்தால், பின்னணிப் பணி ஒன்று 5 வினாடிக்கு ஒருமுறை விழித்து, 30 வினாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை, அதாவது நினைவகத் துண்டுகளையே, வட்டுக்கு அனுப்புகிறது. விண்டோஸின் பின்னணிப் பணி வினாடிக்கு ஒருமுறை விழித்தாலும், நிலுவையில் உள்ளதில் ஒரு பகுதியைத்தான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறது. அந்த இடைவெளியில் எடை போட்டவர்களே உங்கள் கோப்பில் காணாமல் போன ஓரிருவர்.

வாளியைத் தொட்டியில் கொட்டச் சொல்லும் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயர். பைத்தானில் அது ஓஎஸ் தொகுதியில் இருக்கிறது; கோப்பின் ஃபைல்நோ தரும் எண்ணை அதற்குக் கொடுக்க வேண்டும். விண்டோஸிலும் அதே அழைப்பு வேலை செய்யும். வரிசை மிக முக்கியம்: முதலில் ஃப்ளஷ், பிறகு எஃப்சிங்க். ஃப்ளஷ் இல்லாமல் எஃப்சிங்க் மட்டும் செய்தால், சிரட்டையில் பால் நிற்க வாளியை மட்டும் கொட்டியதாகும். அந்தத் தவறைச் செய்தவர்களின் நிரல்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும் என்பதால் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் செய்தால் வேகம் குறையாதா என்று மகள் கேட்கக்கூடும். குறையும், ஆனால் உங்களுக்கு அது பொருட்டல்ல. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் பழைய வகை வட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. ஒரு எஃப்சிங்குக்குச் சில சுற்றுகள் பிடித்தாலும், ஒருவர் வாளியைத் தராசில் வைத்து எடுக்கும் நேரத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான வரிகள் எழுதும் நிரலுக்கு மட்டுமே இந்தச் செலவு கனமானது. அங்கே ஐம்பது வரிக்கு ஒருமுறை, அல்லது வினாடிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை வரிகளை இழக்கத் தாங்கும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதன்படி எண்ணை வையுங்கள். ஒரு தொழிலாளியின் கூலி அந்த வரியில் இருக்கும்போது, தாங்கக்கூடிய எண் பூச்சியம் என்றே நான் சொல்வேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மார்த்தாண்டம் பக்கத்தில் தேன் கொள்முதல் செய்யும் ஓர் இடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த நிரல் இதே குறையோடு இருந்தது. மின்சாரம் போய் ஒரு பிற்பகலின் வரிகள் அழிந்தன. துண்டுச்சீட்டு வைத்திருந்தவர்கள் அதைக் காட்டித் தங்கள் எடையைச் சொன்னார்கள். ஒரு மூதாட்டியிடம் சீட்டு இல்லை. அவர் சொன்ன எடையை நம்பிப் பணம் கொடுத்தார்கள் என்பது அந்த இடத்தாரின் நல்ல மனம். ஆனால் தம் உழைப்புக்கு அவர் வாய்ச்சொல்லால் சாட்சி சொல்லும்படி ஆனது என் நிரலால். அன்று முதல், பிறர் பணம் எழுதப்படும் எந்தக் கோப்பையும் நான் எஃப்சிங்க் இல்லாமல் எழுதியதில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். வட்டுக்குள்ளும் ஒரு சிறிய நினைவகம் உண்டு. அது நான்காவது பாத்திரம். விண்டோஸும் லினக்ஸும் எஃப்சிங்க் வரும்போது அதையும் காலி செய்யும்படி வட்டுக்குச் சொல்லிவிடுகின்றன. ஆப்பிளின் மேக் கணினியில் சாதாரண எஃப்சிங்க் வட்டின் உள்நினைவகம் வரை செல்வதில்லை. அதற்கு எஃப் ஃபுல் எஃப்சிங்க் என்ற தனி வழி இருக்கிறது. அடுத்தது கோப்பின் வால். மின்சாரம் போகும் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கலாம். மறுநாள் நிரல் அதே கோப்பின் இறுதியில் சேர்த்து எழுதினால், அந்த அரைவரியோடு புதிய வரி ஒட்டிக்கொண்டு இரண்டு பேரின் கணக்கும் கெடும். ஆகவே கோப்பைத் திறந்ததும் கடைசி பைட் வரிமுடிவுக் குறியா என்று பார்த்து, இல்லையென்றால் முதலில் ஒரு வரிமுடிவை எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். சில நேரம் கோப்பின் இறுதியில் வெறும் பூச்சிய பைட்டுகள் நிறைந்திருக்கும். கோப்பின் நீளம் வட்டில் பதிவாகி, உள்ளடக்கம் பதிவாகாமல் போனதன் அடையாளம் அது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு நீளம் முதலிய குறிப்புகளுக்கு மட்டுமே நாட்குறிப்பு வைத்துக் காக்கிறது, உள்ளடக்கத்துக்கு அல்ல.

யுபிஎஸ் வாங்குவது நல்லது. ஆனால் பேட்டரி ஒருநாள் ஓயும் என்பதால் எஃப்சிங்குக்கு அது மாற்றாகாது. கணக்கு வளர்ந்தால் உரைக் கோப்பை விட்டு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாறுவதை மகள் எண்ணிப்பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் உள்ள அது, இங்கே சொன்ன ஒழுங்கைத் தானே கடைப்பிடிக்கிறது; பைத்தானோடு கூடவே வருகிறது.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். என் சி நிரல் நினைவகப் பிழையால் இடையில் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று அறியப் பல இடங்களில் செய்தி அச்சிடும் பிரிண்ட்எஃப் கட்டளையை வைத்தேன். திரையில் ஓடும்போது பதினெட்டாவது செய்தி வரை வருகிறது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் கோப்பில் ஒன்றுமே இல்லை. நிரல் ஒன்றுதான், விளைவு எப்படி இரண்டாகிறது?
— ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: சி மொழியின் நூலகம் வெளியீடு எங்கே செல்கிறது என்று பார்த்துத் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது. லினக்ஸில் திரைக்குச் சென்றால் ஒவ்வொரு வரிமுடிவிலும் பஃபரைக் காலி செய்யும். கோப்புக்குச் சென்றால் பஃபர் நிறையும்வரை காத்திருக்கும். நினைவகப் பிழை வந்ததும் இயங்குதளம் நிரலை அந்த இடத்திலேயே கொல்கிறது. முறையாக எக்சிட் வழியாக முடியும் நிரல் தன் பஃபர்களைக் காலி செய்துவிட்டே போகும்; கொல்லப்பட்ட நிரலுக்கு அந்த வாய்ப்பில்லை. எனவே கோப்பில் காணும் கடைசிச் செய்தியை, நிரல் கடைசியாகச் செய்த வேலை என்று எண்ணிவிடக் கூடாது. பிழை தேடும் மாணவர்கள் நாள் கணக்கில் தவறான இடத்தில் தேடுவது பெரும்பாலும் இதனால்தான்.

தீர்வு எளிது. பிழை தேடும் செய்திகளை வழக்கமான வெளியீட்டு வழியான ஸ்டிடிஅவுட்டில் எழுதாமல் பிழைச் செய்திகளுக்கான ஸ்டிடிஎர்ரில் எழுதுங்கள், அது சேர்த்துவைப்பதில்லை. அல்லது ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் சி மொழியின் ஃப்ளஷ் கட்டளையான எஃப்ஃப்ளஷை அழையுங்கள். சி++ எழுதுபவராயின், எண்டெல் வரிமுடிவோடு ஃப்ளஷும் செய்கிறது, வெறும் வரிமுடிவுக் குறி அதைச் செய்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். எண்டெல்லை இலட்சம் முறை சுழலும் கண்ணியில் வைத்தால் நிரல் தவழும்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் ஒரு பழக்கம் தொடர்கிறது. உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் அழைப்புக்கு முன், விசைப்பலகையில் மிச்சமிருக்கும் எழுத்தை நீக்க எஃப்ஃப்ளஷை உள்ளீட்டு வழியான ஸ்டிடின் மீது அழைக்கிறார்கள். சி மொழியின் தரநிலை எஃப்ஃப்ளஷை வெளியீட்டுக்கு மட்டுமே வரையறுக்கிறது. உள்ளீட்டின் மீது அழைத்தால் என்ன நடக்கும் என்று அது எந்த உறுதியும் தரவில்லை. பழைய தொகுப்பியில் வேலை செய்தது என்பது அதைத் தொடர்வதற்குக் காரணமாகாது. மிச்ச எழுத்துகளை வரிமுடிவு வரும்வரை ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ளுவதே சரியான வழி. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே திருத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: பூ வியாபாரக் கணக்கை எழுதும் எங்கள் சி நிரல் இடையில் நின்றுபோனால், கோப்பின் கடைசியில் தமிழ் எழுத்துக்குப் பதில் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி தோன்றுகிறது. ஒருமுறை அந்தக் குறியும் இல்லை, ஆனால் மல்லிகை என்பது மல்லிக என்று நின்றது. எழுத்துருவில் கோளாறா?
— ஒரு வாசகர், தோவாளை

பதில்: எழுத்துருவில் கோளாறு இல்லை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்–8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். மல்லிகை என்ற சொல்லில் ம, ல, புள்ளி, ல, இகரக்குறி, க, ஐகாரக்குறி என ஏழு குறியீடுகள். ஆக 21 பைட். பஃபருக்கோ எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. பைட் மட்டுமே தெரியும். லினக்ஸில் ஒரு சி நிரலின் பஃபர் வழக்கமாக 4096 பைட். அது மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஒரு பைட் மிஞ்சும். போதாததற்கு, இடையில் வரும் எண்களும் இடைவெளிகளும் ஒற்றைப் பைட்டுகள். எனவே பஃபர் நிறைந்து வெளியே போகும் இடம் ஒரு தமிழ்க் குறியீட்டின் நடுவில் விழுவது இயல்பு. அடுத்த பஃபர் வருவதற்குள் நிரல் நின்றுபோனால், மிஞ்சிய ஓரிரு பைட்டுகள் எந்த எழுத்துமாகாமல் கேள்விக்குறியாகத் தோன்றும். வெட்டு சரியாக ஐகாரக்குறிக்கு முன் விழுந்தால் மல்லிக நிற்கும். இரண்டாவது வகையே ஆபத்தானது. பார்ப்பவருக்குச் சரியான சொல் போலவே இருக்கும்.

நோயை உறுதிசெய்ய ஒரு வழி சொல்கிறேன். அறுபட்ட கோப்பின் அளவைப் பைட்டில் பாருங்கள். 4096, 8192, 12288 என்று 4096-இன் மடங்காகத் துல்லியமாக இருந்தால், ஃப்ளஷ் ஆகாத பஃபர்தான் காரணம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். வரி முடிந்ததும் எஃப்ஃப்ளஷ் அழையுங்கள். நிரல் நின்றாலும் அறுபடாது. குலசேகரம் வாசகருக்குச் சொன்ன எஃப்சிங்கையும் சேர்த்தால் மின்தடைக்கும் காவல் கிடைக்கும்.

கேள்வி: படகு டீசல் கணக்கைப் பென் டிரைவிலேயே நேராக எழுதுகிறோம். விண்டோஸ் 10 கணினியில் அப்படியே பிடுங்கலாம் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: பாதி உண்மை. 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து, பென் டிரைவ்களுக்கு விரைவாக அகற்றும் முறையே விண்டோஸின் இயல்பான அமைப்பு. வாளியில் அதிக நேரம் தேக்குவதில்லை. ஆனால் உங்கள் நிரலின் பஃபரில் நிற்பது விண்டோஸுக்கே தெரியாது. நிரல் கோப்பை மூடிய பிறகு, பாதுகாப்பாக அகற்றும் கட்டளையையும் கொடுத்துவிட்டு எடுங்கள். லினக்ஸில் அந்தக் கட்டளை இல்லாமல் எடுக்கவே கூடாது.

எழுதும் கட்டளை வெற்றி என்று சொன்னதால் நம்பிவிடவும் வேண்டாம். பென் டிரைவில் இடம் தீர்ந்துபோனால், அந்தச் செய்தி பெரும்பாலும் எழுதும்போது வராமல், ஃப்ளஷ் செய்யும்போதோ மூடும்போதோதான் வரும்; அதுவரை வரி நினைவகத்தில்தானே இருந்தது. ஆகவே எஃப்ஃப்ளஷ், கோப்பை மூடும் எஃப்குளோஸ், எஃப்சிங்க் ஆகியவை திருப்பித் தரும் விடையைக் கட்டாயம் பாருங்கள். எஃப்சிங்க் தோற்றால் மறுமுறை அழைத்து வெற்றி வந்தது என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. தோற்ற பக்கங்களை லினக்ஸ் எழுதி முடித்தவை போலவே குறித்துவிடக்கூடும் என்பது 2018-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களிடையே பெரிதாக விவாதிக்கப்பட்டது. அதன் பின் அந்தத் தரவுத்தளம், எஃப்சிங்க் தோற்றால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றப்பட்டது.

கேள்வி: எங்கள் நிரல் ஒரு சிறிய அமைப்புக் கோப்பை ஒவ்வொரு முறையும் முழுவதுமாகத் திருப்பி எழுதுகிறது. மின்தடைக்குப் பின் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. கோப்பின் அளவு 0 பைட். பழையதாவது மிஞ்ச வழி உண்டா?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: உண்டு. கோப்பை எழுதும் முறையில் திறந்த கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடுகிறது. புதியது இன்னும் பஃபரில் இருக்கிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் இரண்டும் இல்லாமல் போகும். ஆகவே பழைய கோப்பைத் தொடாதீர்கள். அதே அடைவில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, முழுவதையும் எழுதி, ஃப்ளஷ் செய்து, எஃப்சிங்க் செய்து, மூடிவிட்டு, அதன் பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். பைத்தானில் ஓஎஸ் தொகுதியின் ரீப்ளேஸ் இதற்கென்றே உள்ளது. பழைய கோப்பு இருந்தாலும் விண்டோஸில் முரண்டு செய்யாது. பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், கோப்பைத் திறப்பவர் பழையதை முழுமையாகக் காண்பார், அல்லது புதியதை முழுமையாகக் காண்பார். வேறு வட்டில் தற்காலிகக் கோப்பை வைத்தால் இந்த உறுதி கிடைக்காது.

நடுவில் உள்ள எஃப்சிங்கை வேகத்துக்காக விட்டுவிட வேண்டாம். 2009-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது, அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிய நிரல்களின் பயனர்கள் பலர் கணினி முடங்கி எழுந்தபின் 0 பைட் கோப்புகளைக் கண்டார்கள். பெயர் மாற்றம் வட்டை அடைந்துவிட்டது, உள்ளடக்கம் அடையவில்லை. பின்னர் அந்தக் கோப்பு முறைமையிலேயே சில காப்புகள் சேர்க்கப்பட்டன. ஆனாலும் எல்லா இடத்திலும் அவற்றை எதிர்பார்க்க முடியாது. லினக்ஸில் பெயர் மாற்றமும் உடனே நிலைக்க வேண்டுமானால், பெயர் மாற்றிய பின் அந்த அடைவைத் திறந்து அதன் மீதும் ஓர் எஃப்சிங்க் செய்யுங்கள்.